மீற்றர் அண்ணையும் என் காரின் மூச்சும்

டென்மார்க்கிலுள்ள தமிழர்களில், மனிதர் வாயால் சொல்லும் எதையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்து, அதன்படியே வாழ்ந்தவர் ரண்டர்ஸ் நகரத்து மீற்றர் அண்ணை ஒருவர்தான். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் கரண்ட் அளக்கும் மீற்றர் வைத்திருந்தார். பிறந்தநாள் வீட்டில் ஸ்பீக்கர் கரகரத்தால் பாட்டை நிறுத்தி வயரை அளப்பார். கேக் வெட்ட நின்ற பிள்ளை அழும். "அழட்டும். எர்த் சரியில்லை" என்பார். இத்தனைக்கும் அவருடைய சொந்தக் காரில் இடப்பக்க விளக்கு மாதக்கணக்காக மங்கிக் கிடந்தது. அதை அளக்க அவருக்கு நேரமில்லை. மன்னாரில் ஒரு பெரிய ஹோட்டலின் மின்சாரப் பகுதியே தன் கையில் இருந்ததாகச் சொல்வார். பல்ப் மாற்றிக்கொண்டு திரிந்தவர் என்று ஊர்க்காரர் சொல்வார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நான்கு நாடுகளில் கோப்பை கழுவி, ஒரு குளிர்காலத்தைப் பழைய வான் வண்டிக்குள் படுத்துக் கழித்து ரண்டர்ஸ் வந்தபோது, அவர் வீட்டின் கீழறையில் இடம் கிடைத்தது. வேலை நாற்பது கிலோமீற்றர் தள்ளி, மீன் தொழிற்சாலையில். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சோதனைக் காலத்திலேயே இரண்டு முறை பிந்திவிட்டேன். மூன்றாவது முறை பிந்தினால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் புன்னகையோடு சொன்னார். கெட்ட செய்தியை டேனிஷ்காரர் புன்னகையோடுதான் சொல்வார்கள்.

அதனால் ஒரு பழைய கார் வாங்கினேன். குளிர் இறங்கியதும், ஒரு வெள்ளிக்கிழமை, அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்து, என்ஜின் காற்றோட்டக் குழாயின் ஹீட்டருக்குப் போகும் கரண்டில் பழுது என்றார்கள். என்ஜின் விடும் ஈர மூச்சு அந்தக் குழாய் வழியாகத்தான் போகுமாம். கடுங்குளிரில் அது உறைந்து அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளிவிடுமாம். உறையாமல் காக்கத்தான் ஹீட்டர். திருத்துவதற்கு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை மைனஸ் பத்து என்றது வானிலைச் செய்தி.

"பட்டறைக்காரன் சொன்னானோ? அவன் என்னத்தை அளந்தவன்?" என்று சொல்லி, மீற்றர் அண்ணை சனிக்கிழமை என் காரைத் தன் கராஜுக்குள் ஏற்றினார். முழங்கால் நோவுக்காக மின் அடுப்பைச் சிவக்கச் சிவக்கப் போட்டுக்கொண்டார்.

முதலில் மீற்றரின் பற்றரியை அளந்தார். பிறகு காரின் பற்றரியை. மதியம் ஃபியூஸுக்கு வந்தார். ஃபியூஸ் நல்லது. சாப்பிட்டுவிட்டு ஹீட்டரை அளந்தார்.

"ஹீட்டர் உயிரோட கிடக்கு. பிளக்குக்குக் கரண்ட் வரேல்லை. உந்தக் காரைக் கட்டினவனுக்கு ஒண்டும் தெரியாது."

மாலை வரை வயர் வயராகத் தேடினார். வேலை போய்விட்டது என்று நான் மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி பிலோமினா அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தார்.

"இஞ்சாருங்கோ, உது குளிருக்கு மட்டும் வேலை செய்யிற சாமான் எல்லோ? நீங்கள் அடுப்பை மூட்டி வைச்சுக்கொண்டு ஏன் கரண்ட் வரேல்லை எண்டு தேடுறியள்."

மீற்றர் அண்ணை அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவைத் திற தம்பி. நானும் அதைத்தான் நினைச்சனான்."

கதவைத் திறந்து, அடுப்பை அணைத்து, மூவரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். கார் நன்றாகக் குளிர்ந்ததும் மறுபடி அளந்தார். பிளக்குக்கு முந்திய வயரில் பன்னிரண்டு வோல்ட். பிளக்குக்கு அப்பால் ஒன்றுமில்லை. கழற்றிப் பார்த்தால், உள்ளே செம்பு களிம்பேறி, பாசி பிடித்ததுபோலப் பச்சை.

"என்ஜினுக்குத் தண்ணி ஊத்தினது ஆர்?"

ஒப்புக்கொண்டேன். கார் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் பொனெற்றைத் திறக்கச் சொல்லி, தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரை உள்ளேயும் தெளித்தார்.

"தேங்காய்த் தண்ணியோ? என்ஜினுக்கென்ன நாவறட்சியோ? நீங்களும் உங்கட மூடநம்பிக்கையும்" என்று தொடங்கியவர், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. கத்தோலிக்கரான அவர் முன்னால், சைவக்காரர் எல்லோர் சார்பிலும் நான் தலைகுனிந்து நின்றேன்.

பிலோமினா அக்கா கோப்பைகளை எடுத்தார். "ஐயர் தெளிச்சது நாலு துளி. அடுத்த நாள் மாதா கோயில் தண்ணிப் போத்தலை முழுசாக் கவிட்டது ஆர்? பெடியன் இருட்டுக்க தனியக் கார் ஓடப்போறான் எண்டு சொல்லி."

மீற்றர் அண்ணை மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மந்திரிச்ச தண்ணி. அதால பாசி பிடியாது."

"அளந்து பாத்தனீங்களோ?" என்றார் அக்கா.

அவர் மீற்றரைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிளக்கைச் சுரண்டித் துடைத்து, கிறீஸ் பூசி மாட்டினார். ஞாயிறு முழுக்கக் காரை வெளியே நிறுத்தி, மணிக்கொரு தடவை அளந்தார். நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தபின் மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது.

திங்கட்கிழமை சொன்னபடியே மைனஸ் பத்து. ஊரைத் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு கார் வந்தது, இடப்பக்க விளக்கு மங்கலாக. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. தொழிற்சாலை வாசலில் நான் திரும்பியபோது, நிற்காமல் வளைந்து, வந்த வழியே போய்விட்டது. ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மீற்றர் அண்ணையிடம் கேட்டேன்.

"உனக்குப் பின்னால வர எனக்கென்ன விசரோ? பாண் வாங்கப் போனனான்."

பாண் விற்கும் ரொட்டிக் கடை எங்கள் வாசலிலிருந்து இருநூறு அடி. மேசையில் பாணும் இல்லை.

"ஓம் அண்ணை" என்றேன். அதை மட்டும் அளந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.