குறை ஏதுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்று வளர்த்தது நான்கு பேரை. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வேலை சொல்லிக்கொடுத்து வளர்த்த பெண்களை எண்ணி மாளாது. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது என் பெயரின் ஐந்து எழுத்து மட்டும்: ராமாத்தாள். அந்த ஐந்தையும் எங்கே கொண்டுபோய் எழுதிவைத்தேன் என்று நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள். (நான் சொல்வதைவிட அழகாகவே எழுதுவாள், படித்த பிள்ளை.)

அவிநாசியிலிருந்து மங்கலம் போகும் வழியில் எங்கள் ஊர். பெண்களுக்கென்று ஒரு துணை சுகாதார நிலையம் உண்டு. நர்ஸ் செல்வி நான்கு ஊருக்குப் பொது. எங்களுக்கு வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, என் போன்றவர்களுக்குப் பிரஷர் மாத்திரை, எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாளில் தலை சுற்றினால் அது தலையின் தப்பு.

நான் மகளிர் குழுத் தலைவி. அதனால் ஒரு நாள் செல்வி என்னைத் தேடி வந்தாள்.

"அம்மா, நாளைக்குச் சென்னைல இருந்து மேடம் வர்றாங்க. பொம்பளைங்களுக்கு எல்லாம் ஒழுங்கா கிடைக்குதான்னு நேர்ல கேட்டு ரிப்போர்ட் எழுதுவாங்க. நல்லபடியா அமைஞ்சா நமக்குன்னே தனியா ஒரு நர்ஸ் போடுவாங்களாமா. எனக்குப் பக்கத்தூர்ல தடுப்பூசி. முடிச்சிட்டு வந்தர்றேன், நம்மூர் பொம்பளைங்க எல்லாத்தையும் கூட்டி வைங்க."

இருபத்தாறு வருஷம் கம்பெனியில் நின்றவள் நான். ஆடிட் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர் பார்வையிட வரும் அன்று எல்லார் முகத்திலும் மாஸ்க் ஏறும், கக்கூசில் சோப்பு வரும், மருந்துப் பெட்டி நிறையும். எதைக் கேட்டாலும் "ஒரு குறையுமில்லீங்க" என்று சொல்ல வேண்டும். ஆடிட் பாஸானால்தான் ஆர்டர். எங்கள் லைனில் அதை முகம் மாறாமல் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

மறுநாள் காலையில் நிலையத்தைத் திறந்தால், மேஜைமேல் பம்பு கிழிந்த பிரஷர் மிஷின், பக்கத்தில் காலி மாத்திரை டப்பாக்கள், வரிசையாக. 'இந்தச் செல்விக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கிறதா!' என்று அத்தனையையும் கட்டிலுக்கடியில் தள்ளிச் சேலையால் மூடினேன். வீட்டிலிருந்து சோப்பும் புதுத் துண்டும் வைத்தேன். மகன் கம்பெனியிலிருந்து மருந்துப் பெட்டி வந்தது. பிறகு பெண்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தேன்.

எதிர்வீட்டு ரோசம்மா மட்டும் மடங்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவள்.

"யக்கா, எம் மவ ஆறு மாசம் முழுகாம இருக்கா. போன வாரம் தல சுத்தி விழுந்தா, பாக்க ஆளில்ல. அதச் சொல்லாண்டாமா?"

"சும்மா இரு ரோசம்மா. பாஸாகட்டும், அப்புறம் நர்ஸு உன்ற ஊட்டு வாசல்லயே நிப்பா."

வாய் அடங்காதவர்களை ஆடிட் அன்று கம்பெனியில் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு ஏது குடோன்? டீ வாங்க அனுப்பினேன்.

மேடம் வந்தார். சின்ன வயசு, நல்ல பொறுமை.

"நர்ஸ் என்னைக்கெல்லாம் வருவாங்க?"

"தினமும் வர்றாங்க, ஒரு குறையுமில்லீங்க."

"மாத்திரை?"

"ஊடு தேடி வருதுங்க, ஒரு குறையுமில்லீங்க."

ஐந்தாறு பேரைக் கேட்டதும் நிமிர்ந்தார். "என்னம்மா, எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்க?"

"எல்லாத்தையும் ஒரே மாதிரி கவனிக்கிறாங்களுங்க மேடம்" என்றேன் நான். (அப்போது என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!)

கடைசியில் ஒரு தாளை நீட்டினார். "படிச்சுக் காட்டட்டுமா?"

"எதுக்குங்க, குடுங்க" என்று ஐந்து எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன்.

ஜீப் கிளம்பும்போது செல்வியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. "மேடம், இங்க..." என்று தொடங்கினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சிஸ்டர், அவங்களே எல்லாம் சொல்லிட்டாங்க. வெரி குட்!" ஜீப் போய்விட்டது.

செல்வி உள்ளே போய்க் கட்டிலடியில் சேலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஏனுங்கம்மா, இதையெல்லாம் அவங்க பாக்கோணும்னுதானுங்க எடுத்து வெச்சேன். எங்க குறை இருக்குதோ அங்கதானுங்க நர்ஸ் போடுவாங்க."

டீத்தூக்கோடு வாசலில் நின்ற ரோசம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

புது நர்ஸ் அடுத்த ஊருக்குப் போனார். அந்த ஊர்ப் பெண்கள் மேடத்திடம் ஒப்பாரியே வைத்தார்களாம். (பயிற்சி இல்லாத கூட்டம்.) எங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பிரஷர் ஏறினால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"கெடுத்தது நீயி. எம் மவள நீயே கூட்டிட்டுப் போ" என்றாள் ரோசம்மா. நியாயம்தானே? பிரசவம் வரை அவிநாசி ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெண்ணோடு பஸ்ஸில் போய்வந்தேன். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. என்னை 'ஆடிட் அம்மாயி' என்றுதான் கூப்பிடுகிறது. என் வீட்டிலோ, ரசத்தில் உப்பில்லாத நாளில் மருமகன்கள்கூட வரிசையாக நின்று "ஒரு குறையுமில்லீங்க" என்கிறார்கள்.

அன்று முதல், படித்துக் காட்டாத தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கண்ணு, இதையும் மேலே இருந்து ஒருக்காப் படி. கேட்டுப் பார்த்துவிட்டு அந்த ஐந்து எழுத்தைப் போடுகிறேன்.