வெயிலுக்கு வாங்கிய தோல் ஜாக்கெட்

கோவில்பட்டியில் பங்குனி மாதம் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேடை ஏறக்கூடாது என்பது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தெரிந்தேதான் ஏறினேன். (தெரியாமல் செய்வதைவிட இது மோசம் என்பது என் வீட்டுக்காரர் கட்சி.) நடந்தது அத்தனைக்கும் பிறகும், அந்த ஜாக்கெட்டுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை.

அப்போது நான் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் செல்போனிலேயே தொடர்கதை எழுதி, கதை படிக்கும் ஆப் ஒன்றில் போடுவேன். நாயகி பெயர் வெயிலுகந்தாள். சுருக்கமாக வெயிலு. பகலில் பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பாள். பொழுது சாய்ந்தால், மனிதர்களைப் போல வேஷம் போட்டு ஊருக்குள் திரியும் பேய்களைத் தேடிக் கிளம்புவாள். பூட்டிக் கிடக்கும் தீப்பெட்டி ஆபீஸ், லாட்ஜ் மொட்டைமாடி, ரயில்வே பாலத்தடி என்று எங்கே ஒளிந்தாலும் டயர் கழற்றும் கம்பியாலேயே விளாசிவிடுவாள்.

அவளுக்குக் கறுப்புத் தோல் ஜாக்கெட் ஒன்றும் கொடுத்திருந்தேன். பேய் விரட்டும் பெண் என்றால் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும் என்று ஒரு நினைப்பு. இந்தக் கரிசல் காட்டு வெக்கையில் அவளுக்கு வியர்க்குமே என்று நானும் யோசிக்கவில்லை, படித்தவர்களும் கேட்கவில்லை.

கதையின் முதல் பாகம் புத்தகமாகவும் வந்தது. அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெண்கள் கல்லூரியிலிருந்து ஒரு தமிழ்ப் பேராசிரியை போன் செய்தார்.

"இந்த மாதிரி முரட்டு நாயகியை ஏன் வாசகருக்குப் பிடிக்குதுன்னு எங்க பிள்ளைகள்ட்ட வந்து பேசணும்" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "புத்தகத்தை லைப்ரரியில வைக்கக் கேட்டிருக்கேன். காலேஜ் செயலாளர் அண்ணாச்சி யோசிக்காவ. அவியளும் கூட்டத்துக்கு வாராவ. உங்க பேச்சைக் கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்னு சொல்லிட்டாவ."

அவ்வளவுதான், வெயிலு என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போய்ப் பேய் விரட்டுவதைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? ஆன்லைனில் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்து, அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தால், அவளுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் கணேசன் விதைக்கடை வைத்திருக்கிறார். உளுந்து, பருத்தி விதை விற்று விற்று எதற்கும் பதறாத மனிதராகிவிட்டார். நான் ஜாக்கெட்டுக்குள் நுழைய மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏட்டி சங்கரி, நீ அதைப் போடுதியா, அது உன்னைப் போடுதா?"

"மூச்சை இழுத்துப் பிடிச்சா சரியாயிரும்."

"மேடையில பேசும்போது மூச்சு விடணும்லா?"

"வெயிலு விடமாட்டா."

குறடு கொண்டுவந்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். இழுத்த வேகத்தில் ஜிப்பின் பிடி குறடோடு வந்துவிட்டது.

"மேல ஏறிருச்சு. இறக்குததை அங்கன போய்ப் பாத்துக்கிடலாம்" என்றார், விதை மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோல.

ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கல்லூரி வாசலில் இறங்கியபோது பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அந்த ஒரு நிமிஷம் நான் வெயிலுவேதான்.

கூட்டம் நடந்த அரங்கத்துக்குத் தகரக் கூரை. மின்விசிறிகள் மேலே இருந்த வெக்கையைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. முதலில் பேசியவர் செயலாளர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எப்போது முடிப்பார் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லாததால் முடிக்காமலே பேசும் பழக்கம் உள்ளவர். ஊர் வரலாறு, மழை பெய்யாத காரணம் எல்லாவற்றையும் கடந்து என் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தார்.

"பொம்பளப்பிள்ள பேயைப் பாத்துப் பயப்படணும். அதுதான் முறை. இவிய கதையில பேய் பொம்பளயப் பாத்துப் பயப்படுது! இதைப் படிச்சிட்டுப் போற பிள்ள நாளைக்கு மாமியா வீட்டுல எப்படிக் குடித்தனம் பண்ணும்?"

முன்வரிசை மட்டும் சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏற்கனவே அங்கே இருந்த சூட்டோடு அதுவும் சேர்ந்துகொண்டது. மைக்கைப் பிடித்தேன்.

"முரட்டு நாயகி என்றால் யார்?" என்று ஆரம்பித்தேன். கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த பேச்சு. "அவள் பயம் அறியாதவள். வலி அறியாதவள். யாருடைய உதவியும் தேவைப்படாதவள்..."

அங்கேயே கண் இருட்டியது.

"...தண்ணி" என்றேன். மைக் நல்ல மைக். அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஜிப்பை இறக்கப் பார்த்தேன். பிடியில்லாத ஜிப் எதற்கு இறங்கப்போகிறது? கால் மடங்கியது. விழும்போது ஒரு பிடிமானத்துக்காகக் கையை வீசினேன். சிக்கியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளரின் பொன்னாடை. அதைக் கழுத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தார், பாவம். நான் முழுசாகத் தரைக்கு வந்தேன், அவர் பாதி தூரம் வந்தார்.

பிறகு என்னைச் சுற்றி ஒரே தாவணியும் துப்பட்டாவும். ஒரு பெண் என் தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டினாள். இன்னொருத்தி நோட்டால் விசிறினாள். மகேஸ்வரி என்று ஒரு பிள்ளை, புதியம்புத்தூர்க்காரி, எங்கிருந்தோ துணி வெட்டும் கத்தரியோடு ஓடிவந்தாள்.

"அக்கா, அசையாம கிடங்க. எங்க வீட்டுல தையல்தான். சதையில படாது."

இடுப்பிலிருந்து அக்குள்வரை இரண்டு பக்கமும் வெட்டினாள். காற்று உள்ளே வந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு காற்றை நான் அனுபவித்ததே இல்லை. ஜாக்கெட்டைத் தலைவழியாக உருவி எடுத்தார்கள்.

உள்ளே நான் போட்டிருந்தது, ஹார்டுவேர் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்கு ஓசியில் கொடுத்த சிமெண்ட் விளம்பர பனியன். (ஜாக்கெட்டைக் கழற்றுவேன் என்று யார் கண்டது?) நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் 'விரிசலே விழாது' என்று எழுதியிருந்தது.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே செயலாளர் மைக் இல்லாமலே சொன்னார்: "பாத்தீயளா? ஒரு ஜிப்பைக் கழத்த முடியல. இவிய பேயை ஓட்டுதாவளாம்!"

வீட்டுக்குப் போயிருக்கலாம். கணேசன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குள் ஏதோ வீம்பு பிடித்துக்கொண்டது. எழுந்தேன். சிமெண்ட் பனியனோடு, கலைந்த தலையோடு மைக் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஜிப்பு மாட்டுனது எனக்கு. அடுத்த அத்தியாயத்துல வெயிலுக்கும் மாட்டும். மயக்கம் வரும். விழுவா. எந்திரிச்சு மறுபடியும் அடிப்பா. அப்படித்தான் எழுதப் போறேன். நான் எழுதி வச்ச பேச்சு தப்பு. அவளை ஏன் பிடிக்குதுன்னு எனக்கே தெரியல. படிச்ச பிள்ளைகளே சொல்லட்டும்."

செயலாளர் முன்னால் யார் பேசுவார்கள்? கடைசியில், கத்தரியை இன்னும் கையில் வைத்திருந்த மகேஸ்வரிதான் பேசினாள்.

"பேயை அடிக்காளேன்னு நான் படிக்கல அக்கா. அடிச்சு முடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னு டீ குடிக்காள்லா? எங்க போற, ஏன் இவ்ளோ நேரம்னு யாரும் கேக்கல. கேட்டாலும் அவ பதில் சொல்லல. அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் படிச்சிருக்கேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவளுக்குக் கை ஒடிஞ்சிரும். மறுநாள் ஒத்தக் கையோட கடையத் திறப்பா. எனக்கு அது பிடிக்கும்."

இன்னொன்று: "அவ யாருக்காவது பதிலுக்குப் பதில் பேசுத இடத்தை நான் சத்தமா வாசிச்சா எங்க அம்மாவும் கூட உக்காந்து கேப்பா. நிறுத்தாம வாசிட்டிம்பா."

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பயம் அறியாதவள், வலி அறியாதவள் என்று நான் அடுக்கிய எதையும் ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஜாக்கெட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

இவ்வளவையும் கேட்டுச் செயலாளர் மனம் மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. "லைப்ரரிக்கு இது தோதுப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அவர் கார் கிளம்புவதற்குள் மகேஸ்வரி நான் கொண்டுபோயிருந்த புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அது விடுதியில் கைமாறிக் கைமாறி, அட்டை போய், நடுப்பக்கங்கள் கழன்று, நூல் போட்டுத் தைத்து, இப்போதும் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பூட்டுகிற அலமாரியில் கிடந்திருந்தால் இத்தனை பேர் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஜாக்கெட்டும் திரும்பி வந்தது. வெட்டிய இரண்டு பக்கத்திலும் பூப்போட்ட நைட்டித் துணியை அகலமாகக் கொடுத்துத் தைத்து அனுப்பியிருந்தாள் மகேஸ்வரி. காற்றும் வருகிறது, மூச்சும் விட முடிகிறது. வெயிலுவின் ஜாக்கெட்டையும் அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். பேய்களுக்கு முன்னால் நைட்டித் துணியா என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். ஆமாம், நைட்டித் துணிதான் என்று பதில் போட்டேன்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு அழியவே இல்லை. யாருக்குத் தாகம் எடுத்தாலும் இன்றைக்கும், "யாருடைய உதவியும் தேவைப்படாதவள், தண்ணி" என்று ஒரே மூச்சில் சொல்லித்தான் கேட்கிறார்கள். கணேசன் சோற்றுக்கு நடுவே விக்கிக்கொண்டுகூட அப்படித்தான் கேட்கிறார். விருந்தாளிகள் முழிப்பார்கள். உடனே கதை முதலிலிருந்து ஆரம்பமாகும்.

சொல்லட்டும். நானும் அப்படியேதான் கேட்கிறேன். வெயிலுவும் இப்போதெல்லாம் சண்டைக்கு நடுவில் யாரிடமாவது தண்ணீர் கேட்கிறாள். வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கம்பியை எடுக்கிறாள்.