கஞ்சியில் ஒட்டிய எருமை

ஆவடி,
27-11-1972, திங்கட்கிழமை.

திருமழிசை நெல் மிஷின் முதலாளியும், உற்சவக் கமிட்டித் தலைவரும், என் மனைவி சொர்ணத்தின் ஒரே அண்ணனுமாகிய மகாகனம் பொருந்திய மச்சான் செங்கல்வராயன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை மாப்பிள்ளை மணவாளன், இங்க் கறை போகச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய இரண்டு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் பாதி சௌக்கியம். மீதிப் பாதி பத்து நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கிறது. அவ்விடம் தாங்களும், அக்காவும், மிஷினும், மிஷினுக்குப் புதிதாகப் போட்ட பெல்ட்டும் சௌக்கியமாக இருக்கத் திருவேற்காட்டு அம்மன் துணை புரிவாளாக.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. கார்டில் அவ்வளவு இடம் இருந்தும் தாங்கள் எழுதியது இரண்டே வரி. ‘பத்திரிகை பார்த்தேன். எனக்கும் எருமைக்கும் இருக்கிற சம்பந்தம்கூட இனி எனக்கும் உனக்கும் கிடையாது.’ இதை நான் படிப்பதற்கு முன்பே தபால்காரர் சுலைமான் படித்துவிட்டார். “அண்ணாத்தே, உன் மச்சான் எய்திகீறாரு. நின்னுகினு படிக்காத, உக்காந்து படி” என்றார். உட்கார்ந்து படித்தேன். என் தோளுக்குப் பின்னால் சொர்ணம் நின்றுகொண்டு படித்தாள். பிறகு அந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள், பரண்மேல் நான் அடுக்கி வைத்திருக்கும் ஐந்து வருஷத்துப் பழைய பத்திரிகைகளைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “ஊர்ல இருக்கிற எல்லா மூஞ்சியும் உங்க கண்ணுக்குத் தெரியுது, இல்ல?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அண்ணன்மேல் அவளுக்குள்ள பாசத்தைக் கண்டு நான் தலைகுனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது அவளும் டிரங்குப் பெட்டியும் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார்கள்.

அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். அதற்கு முன் அந்த எருமைக்குத் தங்கள் முகம் வந்த வழியைத் தாங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் குற்றம் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. குற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

தாங்கள் பெண் கொடுத்தபோது நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் டிராயிங் போடும் உத்தியோகத்தில் இருந்தேன். அந்த உத்தியோகம் போனதற்குக் காரணம் ஆட்குறைப்பு என்று தங்களிடம் சொல்லியிருந்தேன். அது உண்மைதான், குறைத்தது என் ஒருவனைத்தான். ஒரு நாள் ஒரு நட்டு படம் போட்டுக்கொண்டிருந்தபோது அது எங்கள் மேனேஜர் மாதிரியே இருந்ததால் நடுவில் ஒரு மீசை வைத்தேன். அழிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு வருவதற்குள் படம் பட்டறைக்குள் போய், கடைசல்காரர்கள் மீசைக்கும் அளவு எடுத்து முந்நூறு நட்டு கடைந்துவிட்டார்கள். மீசை வைத்த நட்டு எந்த போல்ட்டிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து நான் எந்த ஆபீசுக்கும் கட்டுப்படாத சுதந்திரக் கார்ட்டூனிஸ்ட். தாங்கள் இதை வேலையில்லாதவன் என்பீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, வேலையில்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. நான் வாரம் பத்து ஜோக் போட்டு, திருப்பி அனுப்ப ஸ்டாம்பு ஒட்டின கவரையும் உள்ளே வைத்து அனுப்புகிறேன். ஆசிரியர்கள் அந்த ஸ்டாம்பை வீணாக்குவதே இல்லை. சுலைமான் கவரைக் கையில் தூக்கிப் பார்த்தே, “எட்டு திரும்பிகிச்சு அண்ணாத்தே, ரெண்டு மாட்டிகிச்சு” என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும்.

இந்தத் தொழிலில் ஜோக் கிடைத்துவிடும், முகம் கிடைப்பதுதான் கஷ்டம். கற்பனையில் போட்டால் எல்லாம் முட்டைக்குக் கண் வைத்த மாதிரி வரும். ஆகவே கண்ணில் படுகிறவர்களை அப்படியே எடுத்துக்கொள்வேன். ஜட்ஜுக்கு எங்கள் பால்காரர் துலுக்கானம். “நம்ம ஜட்ஜா பூட்டோம் நைனா” என்று அன்றைக்கு மட்டும் தண்ணீர் கலக்காமல் ஊற்றினார். டாக்டருக்கு சுலைமான். புருஷன் பெண்சாதி ஜோக் என்றால் புருஷனுக்கு என் முகமே. கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொள்வேன், ஒருத்தரிடம் போய் நிற்க வேண்டாம். பெண்சாதிக்குப் பக்கத்து வீட்டு கெங்கம்மாள், டாங்கி ஃபேக்டரி ஃபிட்டர் நாகப்பனின் சம்சாரம். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும், கார்ட்டூனுக்கென்றே பிறந்த முகம். ஐந்து வருஷமாக வாராவாரம் கெங்கம்மாள் கரண்டியை வீசுகிறார், நான் குனிகிறேன், தமிழ்நாடே சிரிக்கிறது. ஆனால் ஒன்று மச்சான், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: தங்கள் தங்கையை இந்தக் கை ஒரு கோடுகூடப் போட்டதில்லை. குடும்பப் பெண்ணைப் பத்திரிகைக்குள் இழுக்கக் கூடாது என்கிற மரியாதை எனக்கு என்றைக்கும் உண்டு. இது ஒன்றுக்காகவாவது தாங்கள் என்னை மன்னிக்கலாம்.

இப்போது எருமைக்கு வருகிறேன். மழைக்கால இதழின் நடுப்பக்கத்துக்கு ஒரே படமாகப் போட்டு அனுப்பும்படி ஆசிரியர் எழுதியிருந்தார். நடுப்பக்கம் எனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. வெள்ளத்தில் பஸ் நின்றுவிட்டது, எல்லாரும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளுகிறார்கள், உள்ளே ஓர் எருமை மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் டிரைவரிடம், ‘இறங்கித் தள்ளச் சொன்னா, நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்னு சொல்றாரு சார்!’ என்கிறார். இதுதான் ஜோக். போன வருஷம் பருத்திப்பட்டுப் பக்கம் தண்ணீரில் பஸ் நின்றபோது தாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொன்னது முழுக்க முழுக்கத் தற்செயல். எனக்கு அது நினைவே இல்லை. நான் அப்போது பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

துலுக்கானத்தின் எருமையைப் பார்த்துத்தான் போடத் தொடங்கினேன். அவர் அதைக் கொண்டுவந்து என் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். அது தலையை உள்ளே நீட்டி, நான் காயவைத்திருந்த நாலு ஜோக்கைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அந்த வாரம் நன்றாக வந்தவை அந்த நாலுதான். படத்தில் எருமையின் உடம்பு முடிந்துவிட்டது, முகம் மட்டும் வெற்றாக நின்றது. பேனாவைப் பிடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்து யோசித்தேன். யோசித்துவிட்டுக் கீழே பார்த்தால் கை பாட்டுக்குப் போட்டு முடித்திருந்தது. நுனியில் உருண்ட மூக்கு, இடது புருவம் மட்டும் மேலே, மோவாயில் மச்சம், நெற்றியில் நீளச் சந்தனம். எருமைக்குச் சந்தனம் அவசியமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். அந்த இங்க் அழியாது. எங்கள் தொழிலில் இப்படித் தப்பு நேர்ந்தால் வேறு காகிதத்தில் சரியான முகம் போட்டு, வெட்டி, தப்பின்மேல் ஒட்டிவிடுவோம். அச்சுக்குப் பிளாக் எடுக்கிற கேமராவுக்கு ஒட்டு தெரியாது. அதன்படியே, யாருடைய சாயலும் இல்லாத ஒரு பொதுவான எருமை முகத்தைப் போட்டு வெட்டினேன். கோந்து பாட்டிலைத் திறந்தால் காய்ந்து கட்டியாகக் கிடந்தது. இந்த மழையில் கடைக்குப் போவானேன் என்று, புடவைக்குப் போட சொர்ணம் வடித்து வைத்திருந்த கஞ்சியை விரலால் வழித்து ஒட்டினேன். அது தாங்கள் தீபாவளிக்கு அனுப்பிய அரிசியின் கஞ்சி. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது மச்சான், முதல்தரமான பழைய அரிசி, சாதம் பொலபொலவென்று ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது. கஞ்சியும் அப்படியே. தாங்கள் புது அரிசி அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. கவர் மழை ஈரத்தில் போனது, பொதுவான எருமை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது, தாங்கள் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள். தங்கள் ஊர் சலூன்காரர் அந்த நடுப்பக்கத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்ததாகவும், தாங்கள் ஷேவ் செய்துகொள்ள உட்கார்ந்தபோது இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே அவர் கத்தியைத் தீட்டியதாகவும் கேள்விப்பட்டேன். அவர் ஒட்டியது எந்தக் கஞ்சியோ, கிழிக்க வரவில்லையாம்.

நேரில் மன்னிப்புக் கேட்கலாமென்று போன புதன்கிழமை மிஷினுக்கு வந்தேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் கால் வைத்ததுமே மூட்டை தூக்குகிறவர், “எருமை போட்டவரு வந்துகீறாரு” என்று உள்ளே குரல் கொடுத்தார். தாங்கள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு மணி நேரம் தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓர் அரிசி மூட்டை பக்கத்தில் நின்றேன். மச்சான், மனுஷன் கை சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்க. பையில ஒரு கரித்துண்டு இருந்துச்சு. மூட்டை மேல சும்மா ஒரு கோடு இழுத்தேன், அது மூக்கா வந்துச்சு. மூக்கு வந்த பிறகு மிச்சத்தை எப்படி விடறது? கொம்பு வைக்கிற நேரத்துல நாலு பேரு வந்து மூட்டையைத் தூக்கி வண்டியில ஏத்திட்டாங்க. நான் பின்னாலயே ஓடினேன், வண்டி நிக்கல. இப்போ நீங்க பூந்தமல்லி மார்க்கெட்டுல கொம்போட நிக்கறதா கேள்வி. சத்தியமா வேணும்னு செய்யல.

வீடு நல்லா இல்ல மச்சான். ஜோக் போட்டா முதல்ல சொர்ணத்துகிட்டதான் காட்டுவேன். அவ சிரிச்சா எடுத்து வெச்சிடுவேன், சிரிக்கலைன்னா அனுப்பிடுவேன். அவ சிரிக்காததைத்தான் ஆசிரியருங்க போடுவாங்க, இது அஞ்சு வருஷத்துல தப்பினதே இல்ல. இப்போ எதை அனுப்பறது, எதை வைக்கறதுன்னு தெரியாம முழிக்கிறேன். துலுக்கானத்துகிட்ட காட்டினேன். வயித்தைப் புடிச்சிகினு சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு கண்ணைத் தொடைச்சிகினு, “சரி நைனா, இதுல ஜோக்கு எங்க கீது?”ன்னாரு. பத்து நாளா தபால் பெட்டிப் பக்கமே போகல. அவ சிரிச்சதுன்னு எடுத்து வெச்சது ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கு. நேத்து அதைத் திறந்து ஒண்ணொண்ணா பார்த்துகினு உக்காந்திருந்தேன். எதுக்கும் எனக்குச் சிரிப்பு வரல. அவ இல்லாம என்னால முடியல, அவ்வளவுதான்.

ஆகவே மகாகனம் பொருந்திய மச்சான் அவர்களுக்கு உறுதி கூறுவதாவது: இனி என் ஆயுள் உள்ளவரை எருமை போடமாட்டேன். மாடு அவசியப்பட்டால் பசு போடுவேன், அதையும் பின்பக்கமாகவே போடுவேன். ஒட்டு வேலைக்குக் கடைக் கோந்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். தாங்கள் கோபத்தை மறந்து, வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து சொர்ணத்தை பஸ் ஏற்றி அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம். மிஷின் தடங்கலில்லாமல் ஓடவும், மூட்டைகள் வெறும் மூட்டைகளாகவே ஊர் போய்ச் சேரவும் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்புள்ள தங்கை மாப்பிள்ளை,
மணவாளன்.

பி.கு.: கவரை (கோந்து போட்டு) ஒட்டப் போகும்போது வாசலில் டிரங்குப் பெட்டி வைக்கிற சத்தம் கேட்டது. சொர்ணமே வந்து நிற்கிறாள்! கடிதத்தை வாங்கிப் படித்தாள். “எங்க அண்ணனுக்குக் கோபமா? எருமை வந்த புஸ்தகத்தைப் பன்னெண்டு வாங்கிக் கட்டில் அடியில வெச்சிருக்காரு. யாரும் இல்லாதப்போ எடுத்து எடுத்துப் பார்க்கறாரு. மார்க்கெட்டுல எருமை மார்க் அரிசிதான் வேணும்னு கேக்கறாங்களாம், உங்களை இன்னொரு வாட்டி கரித்துண்டோட வரச் சொல்லலாமான்னு யோசிக்கறாரு” என்றாள். அப்படியானால் நீ ஏன் போனாய் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பால்காரரு ஜட்ஜு. தபால்காரரு டாக்டரு. எங்க அண்ணனுக்கு நடுப்பக்கம். அஞ்சு வருஷமா புஸ்தகத்துல நீங்களும் கெங்கம்மாவும் குடித்தனம் பண்றீங்க. திருமழிசையில ஒரு பொம்பள என்னைப் பார்த்து, நீ அவருக்கு ரெண்டாந்தாரமாம்மான்னு கேக்கறா. என் மூஞ்சி மட்டும் உங்க கண்ணுல படவே இல்லையா?” மேலே நான் கற்பூரம் அணைத்துச் செய்திருக்கும் சத்தியத்தைத் தாங்கள் தயவுசெய்து அடித்துவிடவும்.

உடனே அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, இருந்ததிலேயே நல்ல காகிதத்தை எடுத்துப் போட்டேன். இவ்வளவு ஆசையாக நான் எதையும் போட்டதில்லை. நாலு தடவை போட்டேன், நாலிலும் தாங்கள்தான் வருகிறீர்கள். அது குடும்ப மூக்கு, நான் என்ன செய்வேன்? நாலாவதில் தோடு, மூக்குத்தி, கனகாம்பரம் எல்லாம் வைத்துப் பார்த்தேன். “எங்க அண்ணனுக்கு எதுக்குப் பூ வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். தபாலைவிட பஸ் சீக்கிரம் போகும் என்று இந்தக் கடிதத்தைத் தங்களிடம் கொண்டுவருவதும் அவள்தான்; நான் எழுதி முடிக்கும்வரை வாசலில் நிற்கிறாள். அடுத்த பஸ்ஸில் காகிதமும் பென்சிலுமாக நானும் வருகிறேன். அதுவரை அவளை வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்காரவைக்கவும். தாங்கள் மட்டும் தயவுசெய்து அவள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.