மறைவீரன் போர்முறையும் சிறப்பு மலரும்

தமிழாசிரியனாகிய நான் ஏறத்தாழ ஆறாண்டுகள் கொலையாளியாக வாழ்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாழ்ந்த இடம், இணையத்தில் பலரும் கூடி ஆடும் ஒரு மாயப்போர் விளையாட்டு. அதில் மந்திரவாதி, மருத்துவர், கேடயக்காரர் எனப் பல வகை வீரர்கள் உண்டு. நான் தேர்ந்தது அசாசின் என்னும் வகை. கண்ணுக்குத் தெரியாமல் எதிரியின் முதுகுப்புறம் சென்று, குத்திவிட்டு, புகை கிளப்பி மறைவது அவன் தொழில். அந்தப் பெயர் என் நாவுக்கு ஒவ்வாததால் 'மறைவீரன்' என்று மாற்றிக்கொண்டேன். (என்னைத் தவிர ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அது கிடக்கட்டும்.)

மலேசியாவில் மந்தின் நகருக்கு அருகிலுள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்தில், மண்டபத்தை ஒட்டிப் பழைய ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லக் கட்டிய அறை. குழந்தைகள் குறைந்து பூட்டிக்கிடந்த அதனை நாங்கள் மூவர் கழுவி, வெள்ளையடித்து, இணைய இணைப்பும் பெற்றுக் குடியேறினோம். லாரி ஓட்டும் சுரேஷ் கேடயக்காரன். எல்லா அடியையும் அவன் வாங்குவான். என் தங்கை கவிதா மருத்துவச்சி. வாங்கிய அடியை ஆற்றுவாள். நான் எங்காவது மறைந்திருப்பேன்.

அவ்வறையின்மீது கோயில் தலைவர் முனியாண்டி மாமாவுக்கும் ஒரு கண் இருந்தது. கோயில் அண்டாக்களை வைக்க இடமில்லை என்பது அவர் குறை.

"டே செல்வா, வாத்தியாரு நீ. பொம்ம வெளையாட ஒனக்கு ரூமு, சாமி அண்டா மழையில நனையணுமா?"

"மாமா, இது பொம்மை விளையாட்டில்லை. போர்க்கலை."

"அப்படியா? யார ஜெயிச்ச?"

கவிதா முந்திக்கொண்டாள். "பக்கத்து ஊரு ராசா டீம இங்கயே கூப்புட்டு ஜெயிச்சுக் காட்டுறோம் மாமா."

"ஜெயிச்சா ரூமு ஒங்களுக்கு. தோத்தா அன்னிக்கே அண்டா உள்ள போயிரும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது லா."

எங்கள் தோட்டத்தில் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் அது நிகழ்ச்சியாகிவிடும். நிகழ்ச்சியென்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை ஆகியவற்றோடு சிறப்பு மலரும் வேண்டும். கணினிப் போட்டிக்கு மலர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மலர் ஆசிரியர் பொறுப்பு இயல்பாகவே என் தலையில் விழுந்தது. தலைவரின் வாழ்த்துரை ஒரு பக்கம். அவர் படம் அதைவிடப் பெரிதாக இன்னொரு பக்கம். மீதி பதினான்கு பக்கமும் வெறுமை. வெற்றுத்தாளைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. 'மறைவீரன் போர்முறை: ஓர் ஆய்வு' என்று எழுதத் தொடங்கினேன்.

எதிரணி மருத்துவர் தம் காப்புக் கவசத்தைச் செலவிடும்வரை மறைந்திருத்தல் வேண்டும். முதற்குத்து முதுகில் விழுதல் வேண்டும். திகைக்கவைக்கும் அடிகளை ஒருசேரச் செலவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறக்குதல் வேண்டும். எதிரி திருப்பித் தாக்கினால் புகை கிளப்பி இடப்பக்கம் விலகுதல் வேண்டும். ஏன் இடப்பக்கம் என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். நிறையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று என்பதால், 'மறைவீரனை வீழ்த்தும் வழிகள்' என்றொரு தனி இயலும் சேர்த்தேன்.

அச்சாகி வந்ததைக் கவிதா புரட்டினாள். "அண்ணே, இத அவங்களும் படிப்பாங்களே?"

"சிறப்பு மலரை யாரம்மா படிக்கிறார்கள்?" என்றேன். பதினைந்து ஆண்டுகளாக மலர்களில் எழுதிவருபவன் அனுபவத்திலிருந்து கூறிய சொல் அது.

போட்டி நாளான ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் விளக்கேற்றினார்கள். முதல் அடி விழுந்தபோது பன்னிரண்டரை. இடைப்பட்ட நேரமெல்லாம் உரைகள். வந்தவர்கள் மலரால் விசிறிக்கொண்டார்கள். சிலர் அதன்மேல் வடை வைத்துத் தின்றார்கள். ஒரே ஒருத்தி மட்டும் பேனாவால் அடிக்கோடிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கோமதி, ராசா அணியின் தலைவி. என் எழுத்தை ஒருவர் அடிக்கோடிட்டுப் படிக்க அதுவரை நான் கண்டதில்லை. கால்கள் தாமாக அவளிடம் போயின.

"அண்ணே, ஒரு டவுட்டு. சுவத்துல முதுக ஒட்டி நின்னா அசாசினால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு போட்டிருக்கீங்களே, நெசமாவா?"

"முற்றிலும் உண்மை. அடுத்த பத்தியைப் பாருங்கள். தரையில் பரவும் நெருப்பு அதைவிடக் கொடியது. அதன்மேல் கால் வைத்தால் மறைவு கலைந்துவிடும்."

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்கண்ணே."

நான் மிதந்தபடி இருக்கைக்குத் திரும்பினேன். சுரேஷ் முறைத்தான். "அந்தப் பொண்ணுகிட்ட என்னாண்ணே பேச்சு?"

"வாசகர் சந்திப்பு."

ஆட்டம் தொடங்கியது. மூன்று சுற்றில் இரண்டை வென்றவர்க்கு வெற்றி. என் மறைதிறனைத் தோட்டமே காணவேண்டுமென்று, என் கணினித் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தேன். முதற்சுற்றில் பாழடைந்த கிணற்றின் பின்னால் மறைந்து, எதிரணி மருத்துவரான கோமதி கவசத்தைச் செலவிடும் தருணத்துக்காகக் காத்திருந்தேன். அவள் செலவிடவே இல்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, தன் ஆட்களின் காயங்களை நிதானமாக ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? நான் சாவுறேன் லா!" என்று சுரேஷ் கத்தினான்.

"பொறு. உரிய தருணம் இன்னும் வரவில்லை."

மண்டபச் சுவரில் கிணறு மட்டும் தெரிந்தது. நான்கு நிமிடம் அதையே பார்த்திருந்த என் அம்மா, பொறுக்கமாட்டாமல் எழுந்து, "எம்புள்ள எங்கப்பா? ஆட வரலயா?" என்று கேட்டார்.

"கெணத்துக்குப் பின்னால பதுங்கியிருக்கான்மா. சின்ன வயசுலேயே அப்படித்தான?" என்றார் முனியாண்டி மாமா.

சுரேஷ் இறந்தான். அவனைத் தொடர்ந்து கவிதாவும் இறந்தாள். உரிய தருணம் வந்தபோது எதிரே மூவர் நின்றார்கள். நான் ஒருவன் இருந்தேன்.

இரண்டாம் சுற்றில் காத்திருப்பைக் கைவிட்டுத் துணிந்து பாய்ந்தேன். இம்முறை சுவரைவிட்டு நகர்ந்திருந்த கோமதியின் முதுகில் முதற்குத்து விழுந்தது. மண்டபம் ஆர்ப்பரித்தது. "குத்து வாத்தியாரே, குத்து!" என்று யாரோ மேசையைத் தட்டினார்கள். அவள் ஆட்கள் திரும்பித் தாக்கினார்கள். நான் சற்றும் பதறாமல் புகை கிளப்பி, ஒன்றரைப் பக்க நியாயத்தோடு இடப்பக்கம் விலகினேன். அங்கே தரையில் நெருப்பு விரித்து வைத்திருந்தார்கள். எனக்காகவே விரித்தது, வலப்பக்கம் ஒரு பொறிகூட இல்லை.

சுவரில் என் உடல் ஆளுயரத்துக்கு எரிந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நிமிடமே மற்ற இருவரும் வீழ்ந்தார்கள்.

"அபிஸ் லா. எல்லாம் முடிஞ்சிருச்சு," என்று சுரேஷ் காதுக்கருவியைக் கழற்றி வைத்தான்.

கவிதா மலரை எடுத்து, அந்தத் தனி இயலைத் திறந்து, என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

முனியாண்டி மாமா சொன்ன சொல் தவறாதவர். நன்றியுரை முடியுமுன்பே அண்டாக்கள் உருளும் ஓசை கேட்டது. நாங்கள் வெள்ளையடித்த சுவரில் கரி படியப்படிய, பெரியதும் சிறியதுமாகப் பதினொன்றும் உள்ளே போயின. தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன். வாயிலில் கோமதி மலரும் பேனாவுமாக நின்றிருந்தாள். "அண்ணே, ஒரு கையெழுத்து." அண்டாவை இறக்கி வைத்துவிட்டு 'அன்புடன்' என்றெழுதிக் கையொப்பமிட்டேன். சுரேஷ் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டாண்டு கழித்துச் சிரம்பானில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தந்தை கவிதாவைத் தனியே அழைத்து, "மாப்பிள்ள அமைதியா இருக்காரே, ஏதும் ஒளிவு மறைவு உண்டாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் கைப்பையிலிருந்து மலரை எடுத்துக் கொடுத்து, கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அன்றே தட்டை மாற்றச் சொன்னார்.

இன்று வீட்டில் நான் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தால், என்ன யோசிக்கிறேன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"விடுங்க," என்கிறாள் என் மனைவி. "ரெண்டு நாள்ல அச்சாகி வந்துரும்."