பத்து ஸ்ட்ராபெர்ரியும் ஒரு ரிப்போர்ட்டும்

பால்கனித் தொட்டியில் பதினோரு ஸ்ட்ராபெர்ரி பழுத்திருந்தன. அத்தனையும் தனக்கே வேண்டும் என்று சொட்டு சார் முடிவு செய்துவிட்டார்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மனைவிக்கோ ஆவணக் காப்பகத்தில் வேலை. வீட்டுக்குள் நுழைந்த எந்தக் காகிதமும் அவளுடைய ஃபைலுக்குத் தப்பியதில்லை. சாருக்கு இது தெரியும். அன்று காலை மட்டும் மறந்துபோயிற்று.

இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டு டிங்சர் அயோடின் விட்டார். இரண்டும் பழுப்பாயின. பழங்களைப் பறித்துத் தட்டில் வைத்து, மனைவியைக் கூப்பிட்டு, ஒரு பழத்தைப் பிழிந்தார். ஒன்று போனால் போகட்டும், பத்து வருமே!

"இங்க பாரு, இது பழச்சாறு."

முதல் டம்ளரின் பழுப்பு யோசித்து யோசித்து வெளுத்தது.

"இது அதே செடியோட இலையைக் கொதிக்க வச்ச தண்ணி."

இரண்டாவது டம்ளரில் பழுப்பு போன இடம் தெரியவில்லை.

"அட, மேஜிக் மாதிரி இருக்கே!"

"மேஜிக் இல்லம்மா, ஆன்டிஆக்ஸிடன்ட். உடம்பு துருப்பிடிக்காம காக்குற சத்து. பழத்தைவிட இலையிலதான் அதிகம். பாவம், ஜனங்க பழத்தைத் தின்னுட்டு இலையைத் தூக்கிப் போடுறாங்க."

"வாய்ப்பேச்சு வேண்டாம். ரிப்போர்ட்டா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

சாருக்குக் கை துறுதுறுத்தது. 'இலை முதல் தரம். பழம் இரண்டாம் தரம். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் தினமும் இரண்டு வேளை இலைத் தண்ணீர் குடிக்க வேண்டும். பழத்தை மற்றவருக்குத் தள்ளிவிடலாம்.' கீழே கையெழுத்து, தேதி.

அவள் அதை ஃபைலில் வைத்தாள். இன்னொரு காகிதத்தை வெளியே எடுத்தாள்.

"சரி, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உனக்குத்தான்! ஒரு வாரமா முதுகு வலிங்கிறியே."

"அது வாயால சொன்னது. எழுத்துல இருக்கிறதைக் கேளுங்க. 'சில நாட்களாகக் கடும் சோர்வும் தலைச்சுற்றலும் இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு...' போன மாசத்து லீவு லெட்டரோட நகல். கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஐயோ, அது மேட்ச் பார்க்க எழுதினதும்மா!"

"ஓ, பொய்க்கெல்லாம் கையெழுத்துப் போடுவீங்களா? அப்போ இந்த ரிப்போர்ட்டும்..."

"ரிப்போர்ட் சத்தியம்!" துள்ளிவிட்டார் சார். இருபது வருட மானம் அல்லவா!

"லெட்டர்? நாளைக்கு வாக்கிங்ல உங்க மேனேஜர் வீட்டம்மாவைப் பார்ப்பேன். கேட்டுட்டு வரட்டுமா?"

சார் பத்துப் பழங்களையும் ஒருமுறை பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"அதுவும்... சத்தியம்தான்."

கசக்கும் இலைத் தண்ணீர் பெரிய டம்ளர் நிறைய அவர் முன்னால் வந்தது. பழத்தட்டு அவள் மடிக்குப் போனது.

"எனக்கென்னங்க, இரண்டாம் தரமே போதும்" என்று முதல் பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்க ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிங்க."