மஞ்சள் தண்ணீர் குடித்த சர்வர்

கனவு காண்பதில் நான் மகா தாராளம், சாமான் வாங்குவதில் மகா கஞ்சன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இன்றைக்கும் ஒரு சாட்சி இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. மத்தியான மழை கண்ணாடியில் வழியும்போது நான் கோப்புகளை மறந்து ஒரே கனவில் மிதந்துகொண்டிருப்பேன்: வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர். ஊரெல்லாம் எவனோ ஒருவனுடைய கம்பெனியில் மின்னஞ்சல் முகவரி வாங்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் என் பெயரிலேயே ஒரு தபாலாபீஸ். கூடவே என் கவிதைகளுக்கு ஒரு வலைப்பக்கம். (கவிதைகளைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.) எங்கோ தூரத்தில் யாரோ அந்தப் பக்கத்தைத் திறக்க, என் அறையில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு மினுக்கும். நினைத்தாலே கண் சொக்கும்.

அந்த ‘யாரோ’வுக்கு முகமும் இருந்தது. கலைச்செல்வி. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்த்தாள். உறவுக்காரர் கல்யாணத்தில் பழக்கம். வீட்டுக்குப் போன் போட்டால் அவள் அப்பா எடுப்பார், நான் உடனே வைத்துவிடுவேன். ஆகவே மின்னஞ்சலை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

“வீட்டுலயே ஒரு சர்வர் வைக்கப் போறேன்” என்று ஒருநாள் அவளிடம் பெருமையடித்தேன்.

“ஏன், சாப்பாட்டுக் கடை போடுறீங்களா?” என்றாள்.

அவள் ஆபீஸிலிருந்து இரண்டு கடை தள்ளி, பழைய கம்ப்யூட்டர் விற்கும் மணியம் அண்ணன் கடை. (அந்தக் கடைக்குப் போனதற்கு விலை மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.)

“தம்பி, சர்வருக்குப் பெரிய சாமானெல்லாம் வேணாம் லா. இந்தப் பழைய ஃபோர் எயிட்டி சிக்ஸ் கம்ப்யூட்டரே போதும். ஆனா ஹார்ட் டிஸ்க் ரெண்டு போடுங்க. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு காப்பாத்தும்.”

“ஒண்ணு போதும்ணே.”

“மானிட்டரு?”

“சர்வர யாருண்ணே உக்காந்து பாக்கப் போறா? படிக்கணும்னா பக்கத்து வீட்டு மானிட்டர வாங்கி மாட்டிக்குவேன்.”

“சரி, பெட்டிக்கு மூடியாச்சும் வேணும்ல?”

“மூடி இல்லாம என்ன விலை?”

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கூரை இல்லாம வீடு வாங்குவீங்களா?”

மூடி இல்லாவிட்டால் காற்றோட்டம் நன்றாக இருக்கும், தனியாகக் காற்றாடி வேண்டாம் என்று நான் அவருக்கு விளக்கினேன். பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் விற்கிறவருக்கு நான் பாடம் நடத்தினேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கே அறையத் தோன்றுகிறது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அது ஓடியது. மணிக்கொரு தரம் தானே போன் போட்டு, வெளியே காத்திருக்கும் கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்து தன் டிஸ்கில் வைத்துக்கொள்ளும். வெளியே பிரதி எதுவும் மிஞ்சாது. கலைச்செல்வியின் கடிதம் வந்தால் மட்டும் ‘கீக் கீக்’ என்று கத்தும்படி செய்திருந்தேன். அதன் மெல்லிய உறுமலைக் கேட்டபடி படுத்திருந்தால் வீடே ஒரு கப்பலாகி மெதுவாகக் கடலில் போவது போல் இருக்கும்.

அந்த மிதப்பில்தான் ஒருநாள், “என்னைக் கட்டிக்கொள்ள சம்மதமா?” என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஒற்றை வரியில் பதில்: “நல்ல நாளில் எழுதுகிறேன். சரஸ்வதி பூசை அன்று.”

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று அரிவாள்மணையிலிருந்து மோட்டார் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஓய்வு. மறுநாள்வரை எதையும் தொடக்கூடாது.

“அந்தப் பெட்டியையும் அணைச்சிட்டு சாமிகிட்ட கொண்டா” என்றார் அம்மா.

எனக்கு உயிரே போய்விட்டது. “அம்மா, இது அணைக்கவே கூடாத சாமான்மா!”

“கோயில் விளக்கு மாதிரியா?”

“அதேதான்மா!”

கெட்டேன். கோயில் விளக்கு என்றதும் அம்மாவுக்குப் பக்தி இரண்டு மடங்காகிவிட்டது. நீண்ட வயர் இழுத்து, ஓடிக்கொண்டிருந்த சர்வரைச் சரஸ்வதி படத்துக்கு முன்னாலேயே வைத்தார். சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். நான் பயபக்தியோடு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீக் கீக்!

வந்துவிட்டது. என் வாழ்க்கை அந்தத் தகரப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு ஓடி மானிட்டர் கேட்டேன். “இன்னிக்குப் போயி கேக்குறியேப்பா! பூசையில வச்சாச்சு, நாளைக்கு வா” என்றார் பக்கத்து வீட்டு அங்கிள்.

திரும்பி வந்தபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பு. “சரஸ்வதியே மணி அடிச்சா பாத்தியா!” என்று சொல்லிக்கொண்டே, மாவிலையை மஞ்சள் தண்ணீரில் நன்றாக முக்கி, மூடியில்லாத பெட்டிக்கு மேல் மூன்று முறை தெளித்தார்.

டுப்.

பச்சை விளக்கு அணைந்தது. கற்பூரமா, சர்வரா என்று பிரித்தறிய முடியாத ஒரு புகை எழுந்தது. அம்மா அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறினேன். பூச்சரத்தைக் கழற்ற அம்மா விடவில்லை. எதிரே இருந்த மலாய்க்கார அம்மா பொட்டு வைத்த அந்தப் பெட்டியைப் பார்த்து, யாருடைய அஸ்தி என்று நினைத்தாரோ, அனுதாபத்தோடு தலையசைத்தார். பிரிக்பீல்ட்ஸில் மணியம் அண்ணன் கடை வாசலுக்குப் போனால், சரியாக அந்த நேரம் கலைச்செல்வி எதிரே வருகிறாள்.

“படிச்சீங்களா?” என்றாள்.

இந்த இடத்தில்தான் என் அறிவு பொங்கி வழிந்தது. படிக்கவில்லை என்று சொன்னால் மானம் போகுமே என்று, “படிச்சேன்! ரொம்ப சந்தோஷம்!” என்றேன்.

அவள் புருவம் மெல்ல உயர்ந்தது. “சந்தோஷமா?”

அந்தத் தொனியைக் கேட்டதும் பெட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் சொட்டு என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவள் சொட்டைப் பார்த்தாள், பூச்சரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். மூடி, ஒற்றை டிஸ்க், மாவிலை, எல்லாம். அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அப்ப என்னதாங்க எழுதுனீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு தடவ எழுதியாச்சு. திரும்பவெல்லாம் சொல்ல முடியாது” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை வந்து அப்பாவப் பாருங்க. பெட்டி வேணாம்.”

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் இன்னும் சொல்லவில்லை. சண்டை வந்தால் மட்டும், “நான் அன்னிக்கு என்ன எழுதுனேன்னு தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க” என்பாள். எங்கள் மகளிடம் பரீட்சை மார்க்கு கேட்டால்கூட, “சர்வர்ல இருக்குப்பா” என்பதுதான் பதில்.

போன வருடப் பூசையில், கம்ப்யூட்டர் படிக்கும் மகள் அலமாரியிலிருந்த அந்த டிஸ்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, மேல உள்ள போர்டுதான் போயிருக்கு. உள்ள இருக்கிறத எடுத்துடலாம்” என்றாள்.

கலைச்செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதே புருவம், அதே உயரம்.

நான் மகள் கையிலிருந்து டிஸ்கை வாங்கினேன். கிண்ணத்திலிருந்த மஞ்சள் தண்ணீரில் மாவிலையை நன்றாக முக்கி, அதன்மேல் மூன்று முறை தெளித்தேன்.