மேற்படி புகையின் மதிப்பு

எங்கள் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. வீடு விற்பது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. ஆனால் விற்க வந்தவர் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அதனால் பத்து நாளில் முடிய வேண்டிய விஷயம் உரிய மரியாதைகளோடு பத்து மாதம் நடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து முழுவதையும் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெருவில் எல்லோரும் கோப்பு சார் என்றுதான் சொல்வோம். எதுவும் காகிதத்தில் ஏறினால்தான் அவரைப் பொறுத்தவரை நடந்ததாக அர்த்தம். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட "யார் சொன்னது?" என்பார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எங்களுக்கு டீச்சரம்மா.

கோப்பு சாருக்கு ஒரு நாளைக்குப் பதினொரு சிகரெட். அத்தனையும் முன்னறைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான். சொந்த வீடு இருக்கும்போது வாசலில் நின்று பிடிப்பது கௌரவக் குறைவு என்பது அவர் கொள்கை. டீச்சரம்மாவுக்கு இருமல். இருபத்தெட்டு வருஷமாக இருமல். "வெளியில போய்ப் பிடிங்க" என்று அந்த அம்மா சொல்லாத நாளில்லை. வாய்மொழியாகவே சொல்லிவந்ததால், அதன்மேல் நடவடிக்கை எடுக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

மாடிப்படி ஏறினால் டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மகள் வேறு ஊரில் இருந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே படி இல்லாத சின்ன வீடு ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவானது. அதற்கு இந்த வீட்டை விற்றாக வேண்டும். தரகர் வரவழைக்கப்பட்டார்.

தரகர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். உள்ளே வந்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். அதன் பின்னால் மட்டும் பளிச்சென்று வெள்ளைச் சதுரம். மற்ற சுவரெல்லாம் ஆறிப்போன டீயின் நிறம்.

"சார், இது என்ன கலர்?"

"வெள்ளை" என்றார் கோப்பு சார். அடித்த அன்று வெள்ளைதான். இடையில் நிறம் மாற்றச் சொல்லி அவர் யாருக்கும் உத்தரவு கொடுக்கவில்லை.

தரகர் பொறுமையாக விளக்கினார். புகை சுவரில் ஏறும், கூரையில் ஏறும், மர அலமாரிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பெயிண்ட் அடித்தாலும் நாலு மாதத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். பிள்ளைகுட்டிக்காரர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஆகவே விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

கோப்பு சார் அன்றைக்கே சிகரெட்டை நிறுத்தினார். இருபத்தெட்டு வருஷ இருமலால் ஆகாதது ஐந்தில் ஒரு பங்கால் ஆயிற்று. டீச்சரம்மா வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்தார். அந்த வாரம் சுவர் வழியாக இருமல் சத்தம் கேட்காததால், ஊருக்குப் போய்விட்டார்களோ என்று என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு தரகர் வெறும் வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு விலையைக் குறைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டு மதிப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று பிரதிகளில் மனு எழுதினார். தாம் நாளொன்றுக்குப் பதினொரு சிகரெட் வீதம் புகைப்பவர் என்றும், அதனால் தமது வீட்டுக்கு யாதொரு சேதமும் இல்லை என்று சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உண்மையை மறைத்து மனு எழுதுவது அவர் பழக்கமில்லை.

மூன்று வாரம் கழித்து மதிப்பீட்டு அலுவலர் வந்தார். வாசனை அளக்கும் கருவிக்கு எழுதிப்போட்டு ஒன்பது வருஷம் ஆகிறதாம். அது வரும்வரை அலுவலரின் மூக்கையே பயன்படுத்திக்கொள்ள விதியில் இடமிருந்தது. ஆனால் நல்ல மூக்கு உள்ளவர்களை அனுப்பினால் ஒருதலைப்பட்சமாக எழுதுகிறார்கள் என்று புகார் வந்ததால், சின்ன வயசிலிருந்தே எந்த வாசனையும் தெரியாத இவரைத் தேடிப்பிடித்துப் போட்டிருந்தார்கள். இவர்மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை.

சேதத்தைக் கணக்கிட வேண்டுமானால் புகைக்கு முன்பு வீடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும், ஆகவே அந்த வீட்டைக் காட்டுங்கள் என்றார் அலுவலர். இந்த வாதத்தின் நேர்மை கோப்பு சாரை உருக்கிவிட்டது. ஓடிப்போய் நாள்காட்டியை எடுத்தார். அலுவலர் வெள்ளைச் சதுரத்தை நாடாவால் அளந்தார். 'புகைக்கு முந்தைய வீடு: ஒன்றேகால் அடிக்கு ஒன்றேகால் அடி' என்று குறித்துக்கொண்டு, அதன் நடுவில் ஒரு முத்திரையும் குத்தினார். பிறகு அவர் பார்வை மேஜைமேல் இருந்த சாம்பல் கிண்ணத்தில் விழுந்தது. அது கழுவித் துடைக்கப்பட்டு, உள்ளே டீச்சரம்மாவின் பொத்தான்கள் கிடந்தன.

"சிகரெட் பிடிக்கிறதில்லையா?"

"நிறுத்திட்டேன் சார். ஒரு மாசம் ஆகுது."

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

கோப்பு சார் யாரையும் கேட்டிருக்கவில்லை.

நான்காம் நாள் கடிதம் வந்தது. 'மேற்படி கட்டடம் மதிப்பீட்டில் உள்ளதால், மதிப்பீடு முடிவுறும்வரை மனுவில் கண்ட நிலையே நீடிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பதினொன்று என்ற அளவில் புகை தொடர்ந்து பராமரிக்கப்பட வேண்டும். ஜன்னல்கள் மூடப்பட்டிருப்பதை மனுதாரரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.' கீழே பச்சை மையில் கையெழுத்து. கோப்பு சார் அதை இரண்டு முறை படித்தார். எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார்.

தினம் மாலை நாலு மணிக்கு அந்த அலுவலகத்து உதவியாளர் வந்து, கிண்ணத்தில் கிடக்கும் துண்டுகளை எண்ணிவிட்டுப் போவார். ஆசைக்குப் பிடித்த சிகரெட் ஆபீஸ் வேலையாகிவிட்டதும் கோப்பு சாருக்கு அதன் ருசியே போய்விட்டது. ஒரு நாள் காய்ச்சலில் ஏழுதான் முடிந்தது. குறைவுக்கு விளக்கம் கேட்டு எழுதினார்கள். மறுநாள் பதினைந்து பிடித்து நிலுவையைத் தீர்த்தார். அதற்கு முன் அந்த நாலை நான் வந்து பிடித்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டுப்பார்த்தார். எனக்குப் பழக்கமில்லை என்றேன். உதவியாளரும், மனுதாரர் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க விதியில்லை என்று சொல்லிவிட்டார்.

சுவர் வழியாக எங்களுக்கு மறுபடி இருமல் கேட்டது. முன்பைவிட நீளமான இருமல். ஒருமுறை ஆரம்பித்தால், நான் பேப்பரில் ஒரு பக்கம் படித்து முடிக்கும்வரை ஓயாது. டீச்சரம்மா கணவரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "நான் என்ன பண்ணட்டும்? கையெழுத்து இருக்கு பாரு" என்றார். சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை. ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் அன்றைய எட்டாவது.

மறுநாள் காலை டீச்சரம்மா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் 'புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகையின் கீழே நாலு பேர் புகைபிடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். அலுவலர் உட்காரச் சொல்லி, கோப்பை மிகுந்த மரியாதையோடு விரித்துக் காட்டினார். அந்த அம்மா கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"சுவர் இருக்கு, கூரை இருக்கு, அலமாரி, திரைச்சீலை எல்லாம் இருக்கு. முப்பத்தோரு வருஷமா நானும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கேன். நான் எந்த வரியில வர்றேன்?"

அலுவலர் கெட்டவர் இல்லை. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டி நிஜமாகவே தேடினார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்.

"அம்மா, நாங்க அசையாச் சொத்தைத்தான் மதிப்பிடுவோம். நீங்க அசையறீங்க."

டீச்சரம்மா கோப்பிலிருந்து விரலை எடுத்தார். "ஆமாம், அதை நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியில் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் மகள் ஊருக்குப் போய்விட்டார். கோப்பு சார் வாசல்வரை வந்தார். எப்போது திரும்பி வருவேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். டீச்சரம்மா எழுதித் தரவில்லை. அன்று மாலை அவர் பதினொன்றையும் வரிசையாகப் பற்றவைத்து, வாயில் வைக்காமல் கிண்ணத்தின் விளிம்பில் எரியவிட்டு, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவியாளர் வந்து எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தரகர் ஓர் அம்மாளைக் கூட்டிவந்தார். பெரிய இடத்து வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பவர். வேறு எங்கேயோ போகிற வழியில் சும்மா எட்டிப்பார்க்க வந்தவர், முன்னறைச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். நல்ல வீட்டில் சத்தமாகப் பேசக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"இதை யார் பண்ணினாங்க?"

"நான்தான்" என்றார் கோப்பு சார், பயந்துகொண்டே.

"எத்தனை நாள் ஆச்சு?"

"முப்பத்தோரு வருஷம்."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது பெரிய வீடுகளில் இந்த நிறம்தான் பேச்சாக இருக்கிறதாம். வேலையாட்களை வைத்து மாதக்கணக்காகத் தேய்த்தாலும் இந்தப் பக்குவம் கைகூடவில்லையாம். கூரை ஓரத்தில் கறுத்து, கீழே வர வர மஞ்சளாகி, நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், அதன்மேல் அரசு முத்திரை. அந்தச் சதுரத்துக்கு மட்டும் அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பு சாருக்கும் புரியவில்லை, ஆனால் தலையாட்டினார். தம்மிடம் வாங்க ஓர் ஆள் இருப்பதாகவும், சொன்ன விலைக்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூடவே தருவார் என்றும் அந்த அம்மாள் சொன்னார். சுவரைக் கழுவக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

மதிப்பீட்டு அலுவலகத்துக்கு இது தர்மசங்கடம். விலை ஏறிவிட்டதால் சேதம் என்று எழுத முடியாது. ஆகவே மேற்படி புகை சேதமல்ல, மேம்பாடு என்று முடிவு செய்தார்கள். முன் அனுமதியில்லாமல் முப்பத்தோரு வருஷம் வீட்டை மேம்படுத்தியதற்காகக் கோப்பு சாருக்கு அபராதம் விதித்தார்கள். அவர் அதைப் பெருமையோடு கட்டி, ரசீதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவே மாறிப்போனது. இத்தனை காலமும் தெருமுனைக்குத் துரத்தப்பட்ட ஆண்களை வீட்டுக்காரிகள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்கள். திறந்து வைத்த ஜன்னலெல்லாம் சாத்தப்பட்டது. நானும் தரகரைக் கூப்பிட்டு என் வீட்டைக் காட்டினேன். அவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். சமையலறைவரை போய் உறிஞ்சினார். திரும்பி வந்து, "ஒரு வாசனையும் இல்லையே சார்" என்று துக்கம் விசாரிப்பதுபோல் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கு குறையுமாம். அன்று சாயங்காலம் என் மனைவி டீ கொண்டுவந்தாள். தட்டில் பிஸ்கட் வைக்கிற இடத்தில் ஒரு சிகரெட் பாக்கெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. "பிள்ளைங்க எதிர்காலத்தையும் பாக்கணும் இல்லையா?" என்றாள். நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

கிரயப் பத்திரத்துக்கு முந்தின நாள் கோப்பு சார் எங்களையெல்லாம் முன்னறைக்கு அழைத்திருந்தார். அலங்கார நிபுணர், தரகர், மதிப்பீட்டு அலுவலர், நான். அலுவலர் மரியாதைக்கு ஒன்று பற்றவைத்தார். நான் பயிற்சிக்கு ஒன்று பற்றவைத்தேன். கோப்பு சார் எல்லோரும் கேட்கட்டும் என்று போனை மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மனைவியைக் கூப்பிட்டார். விலையைச் சொன்னார். ஒரு இழுப்புகூட வீணாகவில்லை பார், என்றார்.

டீச்சரம்மா "சந்தோஷம்" என்றார். குரலில் இருமல் இல்லை. அங்கே நாள் முழுக்கக் கதவு திறந்தே இருக்கிறது என்று சொன்னார். பேத்திக்கு வகுத்தல் வந்துவிட்டது என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்:

"இங்க டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். உள்ள அங்கங்க கறை மாதிரி படிஞ்சிருக்காம். எத்தனை சிகரெட் பிடிப்பீங்கன்னு கேட்டார். நான் பிடிக்கிறதில்லை, வீட்டுல இருந்தேன்னு சொன்னேன்."

கோப்பு சார் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கையிலிருந்ததை எங்கே அணைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அலுவலர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார்.

கடைசியில் தரகர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"அது எத்தனை வருஷத்துக் கறைன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காராம்மா?"